வடக்கே கொடுக்காப்புளி வேலி

1

"அப்பா, எழுந்திருங்க. வாயை மூடிட்டு வாங்க. பேசினீங்கன்னா உங்களை வண்டியிலயே வெச்சுப் பூட்டிட்டுப் போயிடுவேன்."

என் மகள் மலரின் தமிழ் இப்படித்தான் இருக்கும். மரியாதை விகுதியைச் சேர்த்துவிட்டால் யாரிடமும் எதையும் சொல்லலாம் என்பது அவள் சொந்தமாகக் கண்டுபிடித்த இலக்கணம். பிறந்தது, வளர்ந்தது, பல் முளைத்தது, கோபப்படக் கற்றுக்கொண்டது எல்லாம் பின்லாந்தில். தமிழ் மட்டும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கற்றது. வாத்தியார்கள் நானும் என் மனைவி செல்வியும் என்பதால் யாரிடமும் புகார் சொல்ல வழியில்லை.

அப்போது காலை மூன்றே முக்கால். மே மாதக் கடைசி வாரம் என்பதால் வெளியே நல்ல வெளிச்சம். இந்த நாட்டில் நான் வந்து இறங்கி அன்றோடு இருபத்திரண்டு ஆண்டுகள். வழக்கமாக அந்த நாளில் செல்வி கேசரி கிளறுவாள். நான், "ரெண்டே வருஷம்னு சொல்லிட்டு வந்தோம்" என்பேன். அவள், "தெரியும், ஆறிடப் போவுது, சாப்புடுங்க" என்பாள். விழா இனிதே முடியும்.

இந்த ஆண்டு மலர் குறுக்கே வந்தாள். கேசரி சாயந்திரம் சாப்பிடலாம், காலையில் என்னோடு பறவை பார்க்க வாருங்கள் என்றாள். பதிமூன்று வயதிலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் இப்படிக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். நானும் ஒவ்வொரு வசந்தத்துக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். முதுகு, வரிப் படிவம், மழை, மறுபடியும் முதுகு. இப்போது அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. ஆகஸ்டில் உயிரியல் படிக்க வடக்கே போகிறாள், ரயிலில் பத்து மணி நேரம். அடுத்த வசந்தத்தில் என்னைக் கூப்பிட வீட்டில் ஆள் இருக்காது என்பது மண்டையில் ஏறியதும் முதுகு தானாகச் சரியாகிவிட்டது.

2

ஒரு மணி நேரம் ஓட்டினால் கடல். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை முனை, அதன்மேல் பலகையால் அடித்த ஒரு பரண். அங்கே ஆறு பேர் தொலைநோக்கிகளோடு நின்றிருந்தார்கள். எல்லாரும் ஓய்வுபெற்றவர்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. பேசாமல் இருப்பதற்காகவே இத்தனை தூரம் வண்டி ஓட்டி வந்தவர்கள் என்று தோன்றியது.

அவர்களில் ஒரு பெண்மணி மட்டும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, "ஓ, கொலைகாரர் வந்துவிட்டாரா?" என்றார். ரித்வா. அந்த இடத்தில் பறவைகளைப் பிடித்துக் காலில் அடையாள வளையம் மாட்டும் நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர், மலரின் குரு. முந்தைய நாள் அவருக்கு நான் ஒரு செய்தி அனுப்பியிருந்தேன். 'நாளை உங்களைச் சந்திக்கிறேன்' என்று எழுதவேண்டிய இடத்தில் நெடிலைக் குறிலாக அடித்துவிட்டேன். இவர்கள் மொழியில் அதற்கு 'நாளை உங்களைக் கொல்கிறேன்' என்று பொருள். அவர் பதற்றப்படாமல், 'ஐந்து மணிக்குள் வாருங்கள், ஒன்பதுக்கு மேல் வலையைச் சுருட்டிவிடுவோம்' என்று பதில் அனுப்பியிருந்தார். குறிலும் நெடிலும் தாய்ப்பாலோடு வந்த ஒரு தமிழன், இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் செய்கிற பிழை இது.

கடலில் என்ன இருந்தது என்று சொல்லவேண்டும். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அடிவானத்தில் ஒரு கறுப்பு நூல் அசைந்தது. அதன் பின்னால் இன்னொன்று. வாத்துகள். வடதுருவத்தை நோக்கிப் போகிறவை. அவற்றின் தலைக்கு மேலே வெள்ளை முகமுள்ள காட்டு வாத்துகள், வரிசை வரிசையாக, கசமுசவென்று பேசிக்கொண்டே போயின. ஒரு வரிசை கலைந்தது, யாரோ பின்தங்கினார்கள், யாரோ கத்தினார்கள், மறுபடி சேர்ந்துகொண்டார்கள். எனக்கு இது தெரிந்த காட்சி. பௌர்ணமி கிரிவலத்தில் ஊரில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போகும் கூட்டத்துக்கும் இதே நடை, இதே சலசலப்பு. எல்லாரும் ஒரே திசையில் போவார்கள். நடுவில் ஒருவர் செருப்பைத் தேடுவார்.

மலரிடம் இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் பக்கம் திரும்பாமலே, "அப்பா, எண்ணிட்டு இருக்கேங்க" என்றாள்.

திறந்த வாயில் ஃபிளாஸ்க்கிலிருந்த காப்பியை ஊற்றிக்கொண்டேன்.

3

ஆறு மணிக்கு மேல் ரித்வாவோடு கடற்கரையை விட்டு உள்ளே நடந்தோம். உழுத வயல்கள், எருவின் நெடி, வயலோரம் யாரும் கவனிக்காமல் மண்டிக்கிடக்கும் புதர்கள். அந்தப் புதர்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலைகளைக் கட்டியிருந்தார்கள். மூன்றாவது வலையில் ஒரு குருவி தொங்கிக்கொண்டிருந்தது. மலர் அதை எடுத்த விதத்தைப் பார்க்கவேண்டும். வீட்டில் ஒரு டம்ளரை உடைக்காமல் கழுவத் தெரியாத பெண், அதன் ஒவ்வொரு விரலையும் நூலிலிருந்து பிரித்து எடுத்தாள்.

மரப்பலகை மேசையில் வைத்து இறக்கையை அளந்தாள். ஒரு சின்னக் குழாய்க்குள் தலைகீழாக நுழைத்து எடை போட்டாள். பதினொன்றரை கிராம். குருவியைப் பற்றி வர்ணிக்க என்னிடம் அதிகமில்லை. வடிகட்டி ஆறிப்போன டீத்தூள் நிறம். கோடில்லை, புள்ளியில்லை, கொண்டையில்லை. இதற்காகவா மூன்றே முக்காலுக்கு எழுந்தோம் என்று நான் நினைத்த கணத்தில் மலர் சொன்னாள்:

"அப்பா, இவர் உங்க ஊர்க்காரர்."

"யாரு?"

"இவர்தான். குளிர்காலம் பூரா இந்தியாவுல இருப்பார். தெற்கு வரைக்கும் போவார், தமிழ்நாட்டுக்கெல்லாம். ஏப்ரல்ல கிளம்பினவர் இப்பதான் வந்து சேர்ந்திருக்கார்."

ஏழாயிரம் கிலோமீட்டர். அதே தூரத்துக்கு எனக்கு இரண்டு விமானங்களும், முப்பது கிலோ பெட்டியும், அதில் ஆறு கிலோ ஊறுகாயும், கால் வீக்கத்துக்கு ஒரு ஜோடி இறுக்கமான காலுறையும் வேண்டியிருக்கிறது.

"தமிழ்ல இவர் பேர் என்னப்பா?"

"தெரியலம்மா."

"உங்க ஊர்ல பாத்ததே இல்லையா? புதருக்குள்ளயேதான் இருப்பார். வீட்டு வேலியில எல்லாம்."

"எங்க வீட்டு வேலியில அப்படி யாரும் இருந்ததில்ல. பாம்பு இருந்துச்சு."

அவள் காலில் வளையத்தை மாட்டி, கையைத் திறந்தாள். குருவி தாழப் பறந்து எதிரேயிருந்த புதருக்குள் விழுந்தது மாதிரி மறைந்தது. இரண்டு நொடி. பிறகு உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"டக்."

கொஞ்சம் விட்டு, இரண்டு கூழாங்கல்லைத் தட்டியது போல மறுபடியும், "டக். டக்."

என் வலது கை ஆள்காட்டி விரல் என்னைக் கேட்காமலே பலகை மேசையை மூன்று முறை தட்டியது.

"ஏன்ப்பா தட்டுறீங்க?" என்றாள் மலர்.

4

பல்லி சொன்னால் தட்டவேண்டும். எங்கள் வீட்டில் இது சட்டம். சுவரோ, தரையோ, அரிசி டிரம்மோ, கைக்கு எட்டியதைத் தட்டவேண்டும். ஒரு விஷயம் பேசிக்கொண்டிருக்கும்போது பல்லி சொல்லிவிட்டால் அந்த விஷயம் முடிவாகிவிட்டது என்று பொருள். இதற்கு மேல்முறையீடு கிடையாது.

கிரிவலப் பாதையிலிருக்கும் அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னலுக்கு வெளியே வடக்குப் பக்கம் கொடுக்காப்புளி வேலி. நொச்சியும் ஏதேதோ கொடியும் அதில் பின்னிக்கிடக்கும். அதன்மேல் எனக்குப் பெரிய பாசம் எதுவும் கிடையாது. ஐந்தாம் வகுப்பில் அதன் முள் ஏறிச் சீழ் வைத்த கணுக்கால்தான் என் நினைவு. ஆனால் எங்கள் வீட்டின் பேச்சாளப் பல்லி அந்தப் பக்கத்தில்தான் குடியிருந்தது. மழைக்காலம் தொடங்கினால் வரும். சித்திரை வெயிலில் காணாமல் போகும். வெயிலில் பல்லி எங்கேயோ போய் ஒடுங்கிக்கொள்கிறது என்று அம்மா விளக்கம் வைத்திருந்தாள். பல்லி வாயால் 'டக்' என்று வருமா என்று யாரும் யோசிக்கவில்லை. யோசிக்காதவர்களில் ஒருவனான நான் அறிவியல் பட்டதாரி என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, மாசி மாதம். பின்லாந்திலிருந்து வேலைக் கடிதம் வந்திருந்தது. அடுப்படியில் அப்பா அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கும் போகவேண்டும் என்று பெரிய வெறி இல்லை. சென்னையிலேயே ஒரு வேலை கிடைக்கும் போலத்தான் இருந்தது.

"குளிரு ஜாஸ்தியா இருக்குமாமே," என்றார் அப்பா.

"ஸ்வெட்டர் போட்டுக்குவான்," என்றாள் அம்மா.

"ரெண்டு வருஷம்னா போயிட்டு வரட்டும். அதுக்கு மேலன்னா வேணாம். இங்கயே எதுனா கம்மி சம்பளத்துக்காவது…"

வேலிப் பக்கமிருந்து, "டக். டக்."

அம்மா அரிசி டிரம் மூடியை மூன்று முறை தட்டினாள். "பல்லி சொல்லிடுச்சு. போயிட்டு வரட்டும்."

அப்பா கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அப்பா போனபோது நான் மூன்றாம் நாள் பாலுக்குத்தான் வந்து சேர்ந்தேன். அம்மாவுக்கு அதுவும் முடியவில்லை.

இதையெல்லாம் அந்த வயலோரத்தில் நின்று மலருக்குச் சொன்னேன், புதருக்குள் கேட்டது எங்கள் பல்லியின் அதே 'டக்' என்பதையும் சேர்த்து. அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரித்தாள்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ரித்வாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். அதிகம் பேசாத ரித்வாவும் சிரித்தார். பிறகு மலர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அதே பறவைதான்னு சொல்ல முடியாது. அவங்க அவ்வளவு வருஷம் இருக்க மாட்டாங்க. ஆனா இந்த இனமாத்தான் இருக்கணும். அப்பா, உங்களுக்குத் தெரியுமா, குளிர்காலத்துல ஒவ்வொருத்தருக்கும் தனிப் புதர் இருக்கும். வருஷா வருஷம் அதே புதருக்கு வருவாங்க. வேற யாராவது உள்ள வந்தா 'டக்'னு சொல்லி விரட்டுவாங்க. 'டக்'னா, இது என் இடம், நீ போன்னு அர்த்தம்."

"எங்க அம்மாவுக்கும் அது பாதி சரியாத்தான் கேட்டிருக்கு," என்றேன்.

5

திரும்பி வரும்போது வண்டியில் மலர் அன்றைய எண்ணிக்கைகளை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். பாதி வழியில் திடீரென்று, "டிசம்பர்ல போலாமா?" என்றாள்.

"எங்க?"

"அடி அண்ணாமலைக்கு. அந்த வேலியைப் பாக்கணும். பாட்டி தட்டின டிரம் இருக்கா? அந்த ஜன்னல்கிட்ட உக்காந்து, அவர் இருக்காரான்னு பாக்கணும். பேரும் இல்லாம இத்தனை வருஷம் உங்க வீட்ல இருந்திருக்கார்."

பதினெட்டு ஆண்டுகளில் அவளாக ஊருக்குப் போகலாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. முன்பெல்லாம் லஞ்சம் கொடுத்து அழைத்துப் போனோம். பிறகு மிரட்டி. பதினைந்து வயதுக்குப் பிறகு இரண்டும் செல்லுபடியாகவில்லை. நான் சாலையைப் பார்த்துக்கொண்டே, "போலாம்" என்றேன். மழையில்லாத கண்ணாடியில் வைப்பரை ஓடவிட்டேன். அவள் அதை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டிருப்பாள். முக்கால்வாசி மகிழ்ச்சிதான்.

மீதிக் கால்வாசி என்னவென்றால், ஏப்ரல் மாதம் நடந்த ஒரு தொலைபேசிப் பேச்சு. ஊரில் என் தம்பி ஏழுமலை கூப்பிட்டிருந்தான். அடுப்படி ஜன்னலோரம் நின்று பேசினான்.

"அண்ணா, வடவண்ட வேலி சும்மாத்தான கெடக்குது. பாம்புதான் குடும்பம் நடத்துது. அத்த அடிச்சிட்டு ஆறு ரூமு போட்டுடலாம்ணா. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஜனங்க குழந்தய தூக்கினு வருதுங்க, ஒரு பாத்ரூம் கெடையாது. கார்த்திகை தீபத்துக்குள்ள முடிச்சிடலாம். பிளான் பாஸ் பண்ண உன் கையெழுத்து ஒண்ணுதான் வேணும்."

அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. இருந்தாலும் எனக்கு ஏதோ ஒரு இழுப்பு. "இருடா, கொஞ்சம் யோசிக்…" என்று ஆரம்பித்தேன்.

அவனுக்குப் பின்னாலிருந்து, ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி, தெளிவாக: "டக்."

"கேட்டியா!" என்று கத்தினான் ஏழுமலை. "பல்லி சொல்லுது பாரு!"

நான் என் மேசையைத் தட்டினேன். "சரி, சட்டுபுட்டுனு முடி," என்றேன்.

அவன் அனுப்பிய அதிகாரப் பத்திரத்தை அச்செடுத்து, நோட்டரி அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் கையெழுத்துக்கு மட்டும்தான் சான்று தருவேன். இந்த மொழி எனக்குத் தெரியாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமல்லவா?" என்று கேட்டார்.

"தெரியும்," என்றேன். அந்த அறையில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். நானும் படிக்கவில்லை. என் கவலையெல்லாம் கையெழுத்தைத் தமிழில் போடுவதா, பாஸ்போர்ட்டில் உள்ளபடி போடுவதா என்பதிலேயே இருந்தது.

கேசரி சாப்பிட்ட கையோடு அன்று சாயந்திரம் அந்தப் பத்திரத்தின் நகலைத் திறந்து படித்தேன். அப்பாவின் பழைய பத்திரத்தில் நான்கெல்லை விவரத்தில், 'வடக்கே கொடுக்காப்புளி வேலி' என்று இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. புதியதில், 'வடக்கே கட்டப்பட இருக்கும் சுற்றுச்சுவர்' என்று இருந்தது. கீழே என் கையெழுத்து. தமிழில்தான் போட்டிருந்தேன்.

6

ஊரில் அப்போது மணி எட்டு இருக்கும். ஏழுமலை உடனே எடுத்தான்.

"ஏழுமலை, அந்த வேலி…"

"அத்தயேதான் சொல்லணும்னு இருந்தேன். முடிஞ்சிபோச்சிண்ணா! போன பொதங்கெழம ஜேசிபி வந்துச்சி. அர நாள் வேல. வேருதான் கொஞ்சம் பேஜாரு பண்ணிச்சி."

"எல்லாமேவா?"

"எல்லாமேதான். நீதான சட்டுபுட்டுனு முடின்ன? இன்னாண்ணா ஆச்சி, கொரலு ஒருமாதிரி இருக்குது?"

"ஒண்ணுமில்லடா. மலர் டிசம்பர்ல வரேங்குது. அங்க ஒரு குருவி பாக்கணுமாம்."

"வரட்டும்ணா! கூட்டினு வா! குருவிக்கா பஞ்சம், அவ்ளோ பெரிய மல இருக்குது."

"மலையில இல்ல. நம்ம வேலியில இருந்தது."

"வேலியில ஏதுண்ணா குருவி? பல்லிதான கத்தும்."

எங்கிருந்து விளக்குவது என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன். அவனே தொடர்ந்தான். "புது ரூமு ஒண்ணு உனக்குன்னு எட்த்து வெச்சிடறேன். தீபத்துக்கு எவன் கேட்டாலும் குடுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு, கோச்சிக்காத. வெளிநாட்டு பாஸ்போர்ட்டு வெச்சினு தங்கினா போலீசுக்கு சி ஃபாரம் போடணுமாம். செங்கம் ரோட்டுல வெள்ளக்காரங்களுக்குப் போட்றாங்களே, அதான். உனக்கும் போடணும் போலக்குது."

"நீயே போட்டுடு. உறவுன்னு ஒரு கட்டம் இருந்தா அண்ணன்னு எழுது."

"அது இருக்குமான்னு தெரியலண்ணா. எதுக்கும் கேட்டுப் பாக்கறேன்," என்றான், உண்மையான அக்கறையோடு.

7

மலரிடம் ஒரு வாரம் சொல்லவில்லை. அந்த ஒரு வாரத்தில் அவள் விமானச் சீட்டு விலை பார்த்தாள். சித்தப்பாவுக்குக் கேட்க ஒரு கேள்விப் பட்டியல் எழுதினாள், தமிழில், எழுத்துக்கூட்டி. 'வேலியில் என்ன என்ன செடி இருக்குது?' என்பது முதல் கேள்வி. அந்தத் தாளை என்னிடம் திருத்தக் கொடுத்தாள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. மறுநாள் காலை அவளைக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். நானாகவே எழுந்ததில் அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வயலோரத்தில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னேன். தொலைபேசி, பல்லி, பத்திரம், புதன்கிழமை, எல்லாம். நோட்டரி கேட்ட கேள்வியை வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க படிக்கலையா?"

"படிக்கலை."

அவள் மடியில் இருந்த தொலைநோக்கியின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"அங்க இருந்த ஒருத்தர் இப்ப இந்தப் பக்கம் எங்கயோ வந்திருப்பார். அவருக்கு இன்னும் தெரியாது."

"ஆமாம்."

"அக்டோபர்ல திரும்பிப் போவார்ல?"

"போவார்."

"போயி?"

இருபத்திரண்டு ஆண்டுகளாக எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் நான். "பக்கத்து நிலத்துல இன்னும் வேலி இருக்கும்மா," என்றேன். "அதுக்குப் போயிடுவார். பத்தடிதான்."

"அங்க ஏற்கெனவே ஒருத்தர் இருப்பார்ப்பா," என்றாள் மலர். "உள்ள விட மாட்டார்."

பிறகு கதவைத் திறந்து இறங்கினாள். குனிந்து ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "டிசம்பர் பத்தி அப்புறம் பேசலாங்க," என்றாள். அவள் இலக்கணத்தில் மரியாதை விகுதி எப்போதும் ஒரு திட்டோடு சேர்ந்துதான் வரும். இந்த முறை திட்டு இல்லை. வங்கிக்காரர்களிடம் பேசுவது போல் இருந்தது. வலைகள் இருக்கும் பக்கம் நடந்து போனாள்.

நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். சாலையோரப் புதரின் கீழ்க்கிளை ஒன்று அசைந்தது. ஒன்றும் தெரியவில்லை. தெரியாது என்பதும் தெரியும்.

"டக்."

என் விரல் ஸ்டியரிங்கை விட்டு எழுந்தது. அப்படியே நிறுத்திக்கொண்டேன். எங்கள் வீட்டில் இதற்கு இரண்டு முறை தட்டியாகிவிட்டது, நான் போக ஒரு முறை, வேலி போக ஒரு முறை.